பென்சில் வட்டமும் வக்கீல் நோட்டீஸும்: வென்ஷியு வழக்கு

இந்த வழக்கு எந்த நீதிபதியின் முன்னும் வாதிடப்படவில்லை. சமரசம் கோரித் தியான்ஜின் நகர நீதிமன்றத்தில் ஒரு மனு போடப்பட்டது. இரண்டு மாதத்துக்குள் அது திரும்பப் பெறப்பட்டது. சாட்சி விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. ஆனாலும் சீன அரண்மனைகளின் நெடிய வரலாற்றில் இதற்கு முன்மாதிரி கிடையாது. அந்தப்புரத்துத் துணைவி ஒருவர் வக்கீல் வைத்து, சக்கரவர்த்திக்கு நோட்டீஸ் அனுப்பி, ஜீவனாம்சம் பேசி வாங்கிக்கொண்டு வெளியேறினார்.

ஆண்டு 1931. நோட்டீஸ் அனுப்பியவர் வென்ஷியு, வயது 21. பெற்றுக்கொண்டவர் பூயி, வயது 25. சிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர்.

அந்தப்புரம் என்றதும் பட்டுத்திரையும் நூறு ராணிகளும் நஞ்சு கலந்த கிண்ணமும் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே அதெல்லாம் இல்லை. மொத்தம் இரண்டே பெண்கள். ஒருவர் பட்டத்து ராணி, இன்னொருவர் இளையவர். நூறு பேர் இருந்தால் அந்த இரைச்சலில் ஏற்பாட்டின் எலும்பு தெரியாது. இரண்டு பேரோடு நின்றுவிட்டதால் இங்கே அது துருத்திக்கொண்டு தெரிகிறது. இந்த வழக்கை எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

ஒரு சொல்லைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'ஆசைநாயகி' என்று இவரை எழுதுவது தவறு. ஆசைக்கும் இந்த ஏற்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. முறைப்படி பட்டம் கொடுத்து, பெயர் சூட்டி, சடங்கோடு அழைத்து வரப்பட்டவர். நம் பக்கத்தில் 'இளையாள்' என்பார்களே, அதுதான் ஓரளவு பொருந்தும்.

பென்சில் வட்டம்

1912 பிப்ரவரியில் பூயி முடி துறந்தபோது அவருக்கு வயது 6. அவர் பெயரால் பெரியவர்கள் துறந்தார்கள் என்பதே சரி. அதற்கு ஈடாகப் புதிய குடியரசு ஒரு சலுகை ஒப்பந்தம் செய்துகொண்டது. பேரரசர் என்ற பட்டம் அவரிடமே இருக்கும்; ஆண்டுக்கு 40 லட்சம் வெள்ளிப் பணம் தரப்படும்; பெய்ஜிங் அரண்மனையில் தற்காலிகமாகத் தங்கலாம். அந்தத் 'தற்காலிகம்' பன்னிரண்டே முக்கால் ஆண்டுகள் நீண்டது. மதிலுக்கு வெளியே குடியரசின் ஆண்டுக்கணக்கு ஓடியது. மதிலுக்கு உள்ளே பூயியின் ஆட்சியாண்டே நாள்காட்டியில் இருந்தது.

பையன் வளர்ந்தான். கல்யாணப் பேச்சு வந்தது. பழைய முறைப்படி சிங் அரசின் பரம்பரைப் படைப் பிரிவுகளான எட்டுக் கொடிப் படைகளின் குடும்பத்துப் பெண்கள் அரண்மனைக்கு வந்து வரிசையாக நிற்க வேண்டும். சக்கரவர்த்தி நேரில் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். குடியரசுக் காலத்தில் அப்படி நிறுத்தினால் ஊர் சிரிக்கும். ஆகவே புகைப்படங்கள் வந்தன. நான்கு படங்கள். பிடித்த படத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தால் போதும்.

பூயி பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் இந்தக் காட்சியை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறார். படங்களில் முகங்கள் மிகச் சிறியவை. உடல்கள் எல்லாம் ஒரே மாதிரி காகிதக் குழாய்போல் இருந்தன. அழகா இல்லையா என்று சொல்லவே முடியவில்லை. இது வாழ்நாள் விஷயம் என்று தோன்றவும் இல்லை. ஏதோ ஒரு படத்தில் வட்டம் போட்டார். அது வென்ஷியுவின் படம்.

வட்டம் போட்டவர் அவர்தான் என்றாலும் முடிவு அவர் கையில் இல்லை. அரண்மனையில் முந்தைய பேரரசர்களின் விதவைத் துணைவியர் இருந்தார்கள். அவர்களில் ஜிங்யி என்பவர் வென்ஷியுவின் பக்கம். துவான்காங் என்பவர் வான்ரோங் என்ற பெண்ணின் பக்கம். வென்ஷியுவின் குடும்பம் ஏழை, பெண்ணும் அழகில்லை என்பது துவான்காங்கின் வாதம். வான்ரோங்கின் வீடு பணக்கார வீடு. பூயியின் சித்தப்பாமார்களும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். கடைசியில் பையனிடம் வந்து வட்டத்தை மாற்றிப் போடச் சொன்னார்கள். அவரும் மாற்றிப் போட்டார்.

இங்கேதான் சிக்கல். சக்கரவர்த்தியின் பென்சில் ஒருமுறை பட்டுவிட்ட பெண்ணைக் குடிமகன் எவனும் கட்டிக்கொள்ள முடியாது என்று அரண்மனைப் பெரியவர்கள் கருதினார்கள். அதனால் அவளையும் எடுத்துக்கொள்ளலாம், இளையவளாக. இப்படியாக, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இரண்டாவது ஆனார். வென்ஷியு என்ற நபரைப் பற்றி இந்தப் பேச்சில் ஒரு சொல்கூட வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த நபர் யார்? மங்கோலியக் கொடிப் படையின் எர்டெட் குலத்துப் பெண். 1909 டிசம்பர் 20 அன்று பிறந்தவர். பாட்டனார் சிங் அரசில் அமைச்சர் பதவி வகித்தவர். தகப்பனார் சீக்கிரம் இறந்துவிட்டார், குடும்பம் சரிந்தது, தாயும் மகள்களும் துணியில் பூவேலை செய்து கொடுத்துக் காசு பார்த்தார்கள். சிறுமி பெய்ஜிங்கில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஃபூ யூஃபாங் என்ற பெயரில் படித்துக்கொண்டிருந்தார். புகைப்படத்தை அனுப்பியவர் பெரியப்பா–சித்தப்பா முறை உறவினர் ஒருவர். 1922 நவம்பர் 30 அன்று, பட்டத்து ராணிக்கு ஒரு நாள் முன்னதாக, வென்ஷியு அரண்மனைக்குள் வந்தார். 13 வயது நிறைய அவருக்கு இன்னும் 20 நாட்கள் இருந்தன.

தரவரிசை

சிங் அந்தப்புரத்தை ஓர் அலுவலகம்போல் நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். பட்டத்து ராணிக்குக் கீழே ஏழு படிகள். மேல் படிகளில் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு: முதல் நிலைத் துணைவி ஒருவர், அடுத்து இரண்டு, அடுத்து நான்கு, அடுத்து ஆறு. கடைசி மூன்று படிகளுக்கு எண்ணிக்கையே கிடையாது. ஒவ்வொரு படிக்கும் ஆண்டுக்கு இத்தனை வெள்ளி, இத்தனை பணிப்பெண்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். ராணிக்கு 1000 தேல். ஒரு தேல் என்பது சுமார் 37 கிராம் வெள்ளி. கடைசிப் படிக்கு 30 தேல். ராணிக்குப் பத்துப் பணிப்பெண்கள், கடைசிப் படிக்கு இருவர். வென்ஷியுவுக்குக் கிடைத்தது மூன்றாம் நிலைத் துணைவிப் பட்டம். அந்தப் படிக்கு ஏட்டில் உள்ளது 300 தேல், ஆறு பணிப்பெண்கள்.

அவருக்கு மேலே இருந்த இரண்டு படிகளும் கீழே இருந்த நான்கு படிகளும் காலி. அலுவலகத்தில் மேலாளரும் எழுத்தரும் மட்டும் மிச்சம். மற்ற நாற்காலிகள் எல்லாம் துடைத்து வைத்தபடியே இருந்தன என்று சொல்லலாம்.

துணைவியர் அரண்மனைக்குள் நுழைவது வடக்கே உள்ள பின்வாசல் வழியாக. குடியிருப்பு மேற்குப் பக்கத்து முற்றங்களில் ஒன்றான சாங்சுன் மாளிகை. வான்ரோங்குக்கு அருகிலேயே சூஷியு மாளிகை. தாய் வீட்டுக்கு நினைத்தபோது போய்வர முடியாது. பழைய நாளில் பேரரசர் இரவு உணவின்போது பெயர் எழுதிய பலகைகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். அவர் திருப்பிப் போடும் பலகைக்கு உரியவர் அன்றிரவு அழைக்கப்படுவார். அண்ணகர்கள் (ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்கள்) நடத்திய தனி அலுவலகம் நாளையும் பெயரையும் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். வென்ஷியுவின் வக்கீல்கள் பின்னாளில் எழுதியது உண்மையானால், அப்படியொரு பதிவேடு அவருக்கு இருந்திருந்தாலும் ஒன்பது ஆண்டும் வெற்றுத் தாள்தான். முதலிரவில் பட்டத்து ராணியையே விட்டுவிட்டுத் தன் பழைய அறைக்குத் தூங்கப் போனவர் பூயி. இளையவரின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஏற்பாட்டின் மையம் கணவன் அல்ல, வாரிசு. துணைவிக்கு மேலே ஏறும் வழி ஒன்றுதான்: பிள்ளை பெறுவது. வாரிசு வரும் வழி அடைபட்டுவிட்டால் துணைவி என்ற பதவிக்கு வேலையே இல்லை. ஆனால் பதவி மட்டும் இருக்கும், சாகும்வரை இருக்கும். துவான்காங்கும் ஜிங்யியும் அப்படித்தான் இருந்தார்கள். கணவன்மார் இறந்து ஒருவருக்குப் பதினான்கு ஆண்டும் மற்றவருக்கு ஐம்பது ஆண்டுக்குப் பக்கமாகவும் ஆகியிருந்தது. பதின்மூன்று வயதுப் பெண் தினமும் கண்ணெதிரே பார்த்த தன் எதிர்காலம் அது.

மான்

வென்ஷியு படித்தவர், எழுதக்கூடியவர். அரண்மனைத் தோட்டத்து மான் ஒன்றைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை எஞ்சியிருக்கிறது. செவ்வியல் சீன நடையில், பத்துப் பன்னிரண்டு வரி. வசந்தகாலம், தோட்டம் முழுவதும் சிவப்பும் பச்சையும், உலாவப் போனேன், மனம் மகிழ்ந்தது என்று தொடங்குகிறது. மரத்தில் சாய்ந்து இளைப்பாறும்போது மானின் ஓலம் கேட்கிறது. குனிந்து பார்த்தால் அது செத்துக்கொண்டிருக்கிறது.

பிறகு வருவதுதான் விஷயம். அரச தோட்டத்துக்குள் வந்து அரச தீனி தின்று வாழக் கிடைத்தது இந்த மானின் பாக்கியம் என்று சொல்லலாம் என்கிறார். ஆனால் காட்டு விலங்கு வீட்டில் வளர்வதில்லை. இந்த மானுக்குச் சுதந்திரம் இல்லை. பொதுமன்னிப்பு வந்தால் அன்றி வெளியேற முடியாத சிறைக்கைதியைப் போன்றது அது. செத்தபின் எலும்புக்கு மரியாதை கிடைப்பதைவிட உயிரோடு சேற்றில் வாலை இழுத்துக்கொண்டு போவதே மேல் என்ற, பழைய சீனத் தத்துவ ஞானி சுவாங்சியின் ஆமைக் கதையைச் சுட்டி முடிக்கிறார்.

'பாக்கியம் என்று சொல்லலாம்' என்ற வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பூவேலை செய்து பிழைத்த வீட்டுப் பெண் அவர். தீனியின் அருமை அவருக்குத் தெரியும். அரண்மனை அவருக்குச் சோறு போட்டதை அவர் மறுக்கவில்லை; சோற்றையும் சிறையையும் அடுத்தடுத்த வரியில் வைக்கிறார். சுவாங்சியைத் துணைக்கு அழைத்ததும் தற்செயல் அல்ல. அந்தக் கதையில் அரசவைப் பதவியை வேண்டாம் என்று சொல்லத்தான் சுவாங்சி ஆமையைக் காட்டுகிறார்.

கட்டுரை யாரிடம் போயிற்று? பூயியிடம். அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.

வெளியேற்றம்

1924 நவம்பர் 5 அன்று படைத்தலைவர் ஃபெங் யூஷியாங்கின் வீரர்கள் அரண்மனைக்குள் வந்தார்கள். சலுகை ஒப்பந்தம் திருத்தப்பட்டது. சில மணி நேரத்தில் பூயியும் மனைவியரும் வெளியே. 1925 பிப்ரவரியில் பூயி தியான்ஜின் நகரில் ஜப்பானியர் நிர்வாகத்தில் இருந்த குத்தகைப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார். மனைவியரும் அங்கே சேர்ந்துகொண்டார்கள்.

திருத்தப்பட்ட ஒப்பந்தத்தின் முதல் விதியை இந்த வழக்கைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பேரரசர் பட்டம் இன்றோடு ஒழிந்தது; இனி அவர் குடியரசின் மற்றக் குடிமக்களோடு சட்டத்தின் முன் சமமான உரிமைகளைப் பெறுவார் என்பது அது. பூயியைக் கீழே இறக்க எழுதிய வரி. ஆனால் கணவன் வெறும் குடிமகன் என்றால் அவனுடைய துணைவியும் குடிமகளே. அந்தக் காகிதத்தில் பூயியின் மரியாதை போனது, வென்ஷியுவுக்கு ஒரு வாசல் திறந்தது. அதை அவர் பயன்படுத்த ஏழு ஆண்டுகள் ஆயின.

தியான்ஜின்

பூயி குடியிருந்தது முதலில் ஜாங் தோட்டம், 1929 முதல் ஜிங் தோட்டம். 'ஜிங்' என்றால் அமைதி. அமைதியாகக் காத்திருந்து காலம் கனிவதைப் பார்ப்பேன் என்ற பொருளில் பூயி வைத்த பெயர். அரியணையைத் திரும்பப் பிடிப்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு இல்லை. வாடகை வீட்டுக்குப் 'பயண அரண்மனை' என்று பெயர். உள்ளே பழைய ஆட்சியாண்டு நாள்காட்டி, பழைய வணக்க முறைகள், பட்டம் தாங்கிய முதியவர்கள். வாசலைத் தாண்டினால் டிராம் வண்டி, சினிமா, கடைவீதி.

அங்கே இரு மனைவியரின் போட்டி கடைவீதியில் நடந்தது. பியானோ, கடிகாரம், ரேடியோ, மேல்நாட்டு உடை, தோல் செருப்பு, கண்ணாடி. வான்ரோங் ஒன்று வாங்கினால் வென்ஷியுவும் கேட்பார். வென்ஷியுவுக்கு வாங்கினால் வான்ரோங் இன்னும் அதிகமாக வாங்குவார். இல்லாவிட்டால் ராணி என்ற தகுதி என்ன ஆவது? பூயி இதைப் பெண்களின் அற்பத்தனமாக எழுதவில்லை, அந்த அளவுக்கு அவரைப் பாராட்டலாம். எனக்கும் இது அற்பமாகப் படவில்லை. தரவரிசையைத் தவிர வேறெதுவும் இல்லாத வீட்டில் தரவரிசையை அளக்க ஒரு படி வேண்டும். முன்பு தேல் கணக்கு; இப்போது பியானோ.

நாள்பட நாள்பட வென்ஷியு ஒதுக்கப்பட்டார். ஒருநாள் வெளியே போய்த் திரும்பியவர் முற்றத்தில் எச்சில் துப்பினார். பக்கத்தில் வான்ரோங் உட்கார்ந்திருந்தார். தன்னைப் பார்த்துத் துப்பியதாக ராணி புகார் செய்ய, பூயி ஆள் அனுப்பி இளையவரைக் கண்டித்தார். வென்ஷியு விளக்கம் சொல்ல வந்தபோது பூயி அவரைப் பார்க்கவே இல்லை. ஒரு வீட்டில் மூவர். பேச்சு வேலைக்காரர்கள் வழியாக. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு இந்த எச்சில் வழக்கின் சுவை தெரியும். நம் வீடுகளில் அது ஒரு வாரத்தில் ஆறும். அங்கே அது ஏட்டில் ஏறியது. அவர் கத்தரிக்கோலால் தன்னைக் குத்திக்கொள்ள முயன்றதாகவும், 'அவள் பயமுறுத்துகிறாள், கண்டுகொள்ளாதீர்கள்' என்ற பொருள்பட பூயி சொன்னதாகவும் அவர் தரப்பினர் பின்னர் கூறினார்கள்.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. வென்ஷியுவுக்கு அரசனும் புருஷனும் ஒரே ஆள். நம்புவதற்கும் ஆள் இல்லை, கைவிடுவதற்கும் ஆள் இல்லை.

1931 ஆகஸ்ட் 25

அன்று வென்ஷியு தங்கை வென்ஷானோடு காரில் வெளியே போனார். உடன் ஓர் அண்ணகர். கார் தேசிய ஓட்டலின் வாசலில் நின்றது. அறைக்குள் வக்கீல்கள் காத்திருந்தார்கள். அண்ணகரிடம் கடிதங்களைக் கொடுத்து, 'இதைக் கொண்டுபோய்க் கொடு, நான் திரும்பி வரமாட்டேன்' என்று அனுப்பினார்கள். ஜிங் தோட்டத்து ஆட்கள் ஓட்டலுக்கு ஓடி வந்தபோது அவர் அங்கே இல்லை.

ஓட்டல் தேர்வைக் கவனியுங்கள். ஜிங் தோட்டம் இருந்தது ஜப்பானியக் குத்தகைப் பகுதியில். ஓட்டல் பிரெஞ்சுப் பகுதியில். பூயிக்கு வேண்டிய போலீஸ் அங்கே வர முடியாது. ஆத்திரத்தில் வீட்டைவிட்டு ஓடியவர் செய்யும் காரியம் அல்ல இது. திட்டம் போட்டவர்கள் தெரு வரைபடத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

வக்கீல் கடிதத்தின் சாரம்: பேரரசருக்கு ஒன்பது ஆண்டு பணிவிடை செய்தும் ஒருமுறைகூட அவருடைய அன்பைப் பெறவில்லை, தனித் தலையணையை அணைத்துக்கொண்டு கண்ணீர் வடித்தார், கொடுமை தாங்க முடியவில்லை. ஆகவே தனியாக வாழ விரும்புகிறார். பூயி மாதத்தில் குறித்த சில நாட்கள் அங்கே வந்து கணவனாக நடந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் சந்திப்போம்.

முதலில் படிக்கும்போது இது முரணாகத் தோன்றும். பிரிந்துபோகிறவர் எதற்காகக் கணவனை மாதந்தோறும் வரச் சொல்கிறார்? இது வக்கீலின் கை என்பது என் கணிப்பு. வரமாட்டார் என்று தெரிந்தே வரச் சொல்கிறார்கள். வராததற்குக் காரணம் என்ன என்ற கேள்வி திறந்த நீதிமன்றத்தில், பத்திரிகையாளர்கள் முன்னால் எழும். பூயி அதற்குக் கோடிப் பணம் கொடுத்தாவது தப்பிக்கப் பார்ப்பார். அந்த ஒரு வரிதான் பேரத்தின் நெம்புகோல்.

சட்டத்தின் பக்கம் இன்னொரு நுணுக்கம். குடியரசின் புதிய சிவில் சட்டத்தில் குடும்பம் பற்றிய பகுதி நடைமுறைக்கு வந்தது 1931 மே 5 அன்று, இவர் வெளியேறுவதற்கு மூன்றரை மாதம் முன்பு. அதில் மனைவிக்கு விவாகரத்து உரிமை இருந்தது. ஆனால் 'துணைவி' என்ற சொல்லே அதில் இல்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்று எழுதிய சட்டம் இளையாளை எங்கே வைக்கும்? மனைவியாக அல்ல, அதே வீட்டில் நிலையாக வாழ்கிற குடும்ப உறுப்பினராக. வயது வந்த உறுப்பினர் வீட்டைவிட்டுப் பிரிந்து போகலாம். சட்டம் அவரை மனைவி என்று ஏற்காததால் வெளியேறுவது எளிதாயிற்று. அதே காரணத்தால் மனைவிக்குரிய பாதுகாப்பும் இல்லை. பட்டத்து ராணிக்கு நிலைமை தலைகீழ். கடைசி ஒப்பந்தத்தில் 'விவாகரத்து' என்ற சொல் வராமல் 'உறவை முற்றிலும் முறித்துக்கொள்வது' என்று வருவதைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

பங்காளியின் கடிதம்

பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். 'துணைவியின் புரட்சி' என்றே பெயர் சூட்டினார்கள். அப்போது வென்ஷியுவின் பங்காளி முறை அண்ணன் வென்சி பத்திரிகை வாயிலாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நம் குடும்பம் இருநூறு ஆண்டுக்கு மேலாகச் சிங் அரசின் உப்பைத் தின்றது. நான்கு தலைமுறை உயர்பதவி வகித்தது. பூயி உன்னைக் கொடுமைப்படுத்தவில்லை. அப்படியே செய்திருந்தாலும் சாகும்வரை பொறுத்துக்கொண்டு நன்றிக்கடன் தீர்த்திருக்க வேண்டும் என்பது சாரம்.

வென்ஷியு பதில் எழுதினார். இந்த வழக்கில் எனக்கு மிகப் பிடித்த காகிதம் இதுதான். உங்களுக்கும் எனக்கும் தகப்பன் வேறு, பாட்டன் வேறு. நான் அரண்மனையில் இருந்த ஒன்பது ஆண்டில் ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை என்று முதல் வெட்டு. அடுத்து நேராகச் சட்டம்: ஆண் பெண், இனம், மதம், வர்க்கம் என்ற வேறுபாடின்றி குடிமக்கள் அனைவரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது குடியரசின் அரசியலமைப்பின் ஆறாவது விதி. ஒன்பது ஆண்டு தனியாக வாழ்ந்த எனக்குக் குடிமகளுக்குரிய சமமான நடத்தை கிடைத்ததில்லை. நான் கேட்பது குடியரசின் சட்டப்படி மனிதத் தன்மையோடு நடத்துங்கள் என்பது மட்டுமே. கடைசியில் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள்: இனிமேல் சட்டப் புத்தகங்களை அதிகம் படியுங்கள், பேச்சிலும் செயலிலும் நிதானம் பழகுங்கள், இல்லாவிட்டால் குடியரசின் சட்டத்தை மீறிவிடப் போகிறீர்கள்.

அவர் சுட்டிய அரசியலமைப்பு வெளியானது அதே ஆண்டு ஜூன் 1 அன்று. மை காயாத சட்டம். வக்கீல்கள் உதவியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் சட்டப் புத்தகம் படியுங்கள் என்ற அந்தக் குத்தலில் மான் கட்டுரை எழுதிய கையின் சூடு தெரிகிறது.

இரண்டு காகிதங்கள்

பேரம் நடந்துகொண்டிருக்கும்போதே செப்டம்பர் 18 வந்தது. ஜப்பானியப் படை மஞ்சூரியாவில் இறங்கியது. பூயியின் கண் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இளையவர் விவகாரத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டிய அவசரம் அவருக்கும் இருந்தது.

அக்டோபர் 22 அன்று கையெழுத்து. இன்றோடு உறவு முறிந்தது. பூயி 55,000 யுவான் தருவார். வென்ஷியு தன் உடைகளையும் அன்றாடப் பொருள்களையும் எடுத்துக்கொள்ளலாம். தாய் வீட்டில் தனியாக வாழ வேண்டும், மறுமணம் கூடாது. ஒருவர் பெயரை ஒருவர் கெடுக்கக் கூடாது. நீதிமன்ற மனு திரும்பப் பெறப்படும்.

அடுத்துப் பூயி ஓர் அரசாணை வெளியிட்டார். பெய்ஜிங், தியான்ஜின், ஷாங்காய் பத்திரிகைகளில் வந்தது. துணைவி அனுமதியின்றிப் பயண அரண்மனையைவிட்டு வெளியேறி மூதாதையர் விதிகளை மீறினார். அவருடைய பட்டம் பறிக்கப்படுகிறது. சாதாரணக் குடியாக இறக்கப்படுகிறார். கீழே அவருடைய இருபத்து மூன்றாம் ஆட்சியாண்டு என்று தேதி.

சாதாரணக் குடியாக ஆக வேண்டும் என்பதே அவர் கேட்டது. தண்டனை என்று நினைத்து அதையே கொடுத்தார் பூயி. வெளியேறியவளைத் தள்ளி வைத்ததாக ஏட்டில் காட்டினால்தான் முதிய பிரபுக்கள் முன் முகம் நிற்கும். அதற்கு அடுத்த மாதம், நவம்பர் 10 இரவு, ஒரு காரின் பின்பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு பூயி தன் 'பயண அரண்மனை'யைவிட்டு வெளியேறினார்; மஞ்சூரியாவில் ஜப்பானியரின் பொம்மை அரசராகப் போய்ச் சேர்ந்தார்.

பிறகு

55,000 பெரிய தொகைதான். வக்கீல்கள், இடைத்தரகர்கள், உறவினர்கள் என்று எல்லோரும் பங்கு கேட்டபின் கையில் நின்றது கொஞ்சம். பெய்ஜிங் திரும்பினார். பள்ளிக்கூடப் பெயரான ஃபூ யூஃபாங் என்ற பெயரிலேயே ஒரு தனியார் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை ஆனார். முன்னாள் அரச துணைவி பாடம் நடத்துகிறார் என்று மோப்பம் பிடித்த நிருபர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் மொய்த்ததால் அந்த வேலை நிலைக்கவில்லை. போர்க்காலத்தில் வறுமை, சிகரெட் விற்றும் பிழைத்தார். போருக்குப் பின் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவராக வேலை கிடைத்தது. 1947இல் ஒரு படை அதிகாரியை மணந்துகொண்டார். மறுமணம் கூடாது என்ற விதியை நினைவுபடுத்த யாரும் வரவில்லை. கையெழுத்துப் போட்ட மறுதரப்பு அப்போது சோவியத் சிறையில் இருந்தது.

ஜிங் தோட்டத்தில் தங்கிவிட்ட ராணியின் கதை வேறு. வென்ஷியுவை விரட்டியவர் வான்ரோங்தான் என்று பூயி அவரோடு பேச்சையே குறைத்துக்கொண்டார். அபினுக்கு அடிமையான வான்ரோங் 1946 ஜூனில் யான்ஜி நகரச் சிறையில் இறந்தார். தன் மனைவியர் எல்லோரும் தனக்கு அடிமைகளாகவும் கருவிகளாகவுமே இருந்தார்கள், கணவன் மனைவிக்கு இடையே சமத்துவம் என்ற ஒன்றைத் தான் அறியவே இல்லை என்ற பொருள்பட பூயி பின்னாளில் எழுதினார். வான்ரோங் இல்லாமல் ஒரே மனைவியாக இருந்திருந்தாலும் வென்ஷியு போயிருப்பார் என்பதும் அவர் கணிப்பு. எச்சில் வழக்கின் நீதிபதி இதைச் சொல்ல முப்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

1949க்குப் பின் வென்ஷியுவின் கணவர் பெய்ஜிங் துப்புரவுப் பணியில் சேர்ந்தார். ஒற்றை அறை வீடு. பிள்ளைகள் இல்லை. 1953 செப்டம்பர் 17 அன்று வென்ஷியு மாரடைப்பில் இறந்தார். வயது 43.

அப்போது பூயி சீனச் சிறையில் கைதி எண் 981. 1959 டிசம்பரில் பொதுமன்னிப்பு வந்தபின்தான் வெளியே வந்தார். 1964இல் வெளியான தன்வரலாற்றில் மான் கட்டுரையை முழுவதுமாகச் சேர்த்திருக்கிறார்.